கட்டுமரம், ஃபைபர் கிளாஸ், ஒரு கால் டாலர் காசு

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காரவும். பாதியில் ஆறிப்போனால் நான் பொறுப்பில்லை.

வெளியூரில் குப்பை கொட்டும் நம்மாட்கள் எல்லோரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது வெள்ளைக்காரரிடம் இந்த டயலாக்கை விட்டிருப்போம்: "கேட்டமரான்னு சொல்றீங்களே, அது எங்க தமிழ் வார்த்தை தெரியுமோ? கட்டு, மரம். கட்டுமரம்." கூடவே மிளகுத்தண்ணி, சுருட்டு என்று மற்ற ஏற்றுமதிகளும் வரிசையாக வரும். எதிராளி புருவத்தைத் தூக்கி "அப்படியா!" என்பார். நமக்கும் அன்றைக்குச் சாப்பிட்டது ஜீரணமாகிவிடும். நானும் பத்துப் பதினைந்து பேரிடம் சொல்லியிருக்கிறேன். போன வருஷம் சொன்னபோதுதான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நண்பன் ஒருவன் இருக்கிறான். மதுரைக்காரன். சின்ன வயதில் வைகையில் தண்ணீரை விட மணலைத்தான் அதிகம் பார்த்தவன். தெற்குக் கலிபோர்னியாவுக்கு வந்த பிறகு தண்ணீர்ப் பைத்தியம் பிடித்துவிட்டது. யாரோ வீட்டுக் கொல்லையில் வருஷக்கணக்காக வெயிலிலும் மழையிலும் கிடந்த பதினாறடி கேட்டமரான் ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்தான். இரண்டு ஹல் (அதாவது படகோட உடம்பு, வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு நீளமா இருக்கும்), நடுவில் ஒரு துணித் தொட்டில், ஒரு பாய்மரம். அவ்வளவுதான் படகு. பார்க்கப் பளபளவென்று இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு கடலில் இறங்குவதாகத் திட்டம். நானும் அழைக்கப்பட்டிருந்தேன். "டேய், நீ மெட்ராஸ்காரன், கடல்ல பொறந்தவன், நீ வந்தா தைரியமா இருக்கும்டா." மெரினாவில் சுண்டல் சாப்பிட்டதைத் தவிர எனக்கும் கடலுக்கும் வேறு சம்பந்தம் கிடையாது என்பதை அவனிடம் சொல்லவில்லை.

பாய்மரத்தை நிமிர்த்துவதற்காக ஹல்லின் முன்பக்கத்தில் காலை வைத்தேன். அமுங்கியது. உடையவில்லை, விரிசல் விடவில்லை. மெத்தையில் கால் வைத்த மாதிரி மெத்தென்று உள்ளே போய், காலை எடுத்ததும் திரும்ப மேலே வந்தது. நண்பன், "பிளாஸ்டிக்தானே, அப்படித்தான் இருக்கும்" என்றான். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஊரில் ஃபைபர் படகு, கண்ணாடிநார் ரிப்பேர் என்று முப்பது நாற்பது வருஷமாகக் குப்பை கொட்டும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம்.

அவர் மீட்டர், மெஷின் எதையும் எடுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு குவாட்டரை எடுத்தார். (தப்பா நினைக்காதீங்க மக்களே, கால் டாலர் காசு.) அதன் விளிம்பால் ஹல்லைத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக், டக்... தொப். திரும்ப டக், டக்... தொப், தொப். சத்தம் மாறும் இடத்தில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டார். ஐந்தே நிமிஷத்தில் அந்தப் பளபளப்பான படகின் மேல் மூன்று தீவுகள் கொண்ட ஒரு வரைபடம் இருந்தது. வலது ஹல்லில் ஒன்று, இடது ஹல்லில் இரண்டு. பெரியது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு.

"இதை எடுத்துக்கொண்டு குழந்தையோடு கடலுக்குப் போகாதே" என்றார் நண்பனிடம். "ஏரியில் உடைந்தால் அவமானம். அலையில் உடைந்தால் அது வேறு கதை."

எல்லோரும் அமைதியாக நின்றோம். நான் சும்மா இருந்திருக்கலாம். இறுக்கத்தைக் குறைப்பதாக நினைத்துக்கொண்டு அந்த டயலாக்கை விட்டேன். கட்டு, மரம், தமிழ், ஆயிரக்கணக்கான வருஷம்... பெரியவர் பொறுமையாகக் கேட்டார். புருவத்தை எல்லாம் தூக்கவில்லை. "நல்லது. அப்போ உங்கள் ஊரில் இது மாதிரி தண்ணீர் ஏறிப்போனால் எப்படிச் சரி செய்வார்கள்?" என்றார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வார்த்தை என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் வார்த்தை.

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி (பாதிக் கொள்ளைக்காரர் என்றும் சொல்லலாம்) 1697-ல் வெளியிட்ட பயணப் புத்தகத்தில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். இலேசான மரத்துண்டு ஒன்றோ இரண்டோ, அதன் மேல் ஒரே ஒரு ஆள், அவருடைய கால்கள் எப்போதும் தண்ணீரில் என்பது அவர் தரும் சித்திரம். அதாவது டாம்பியர் பார்த்தது ஒரு தெப்பம். இரண்டு ஹல் எல்லாம் கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிய மரங்களை முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்கிக் கட்டியது, அவ்வளவுதான்.

இந்த எளிமைக்குக் காரணம் நம்ம கடற்கரை. மெட்ராஸுக்குத் துறைமுகம் என்று ஒன்று வந்ததே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதுவரை கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் உடைகிற அலை. வெள்ளைக்காரனின் படகு அந்த அலையில் வந்தால் சுக்குநூறு. ஆட்களையும் மூட்டைகளையும் கொண்டுவர, ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுகள். அந்தப் படகும் இறங்க முடியாத அளவுக்குக் கடல் கொந்தளித்தால் கட்டுமரம். கடிதங்களைத் தண்ணீர் புகாத தொப்பிக்குள் வைத்துக்கொண்டு கட்டுமரக்காரர்கள் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் போய்வந்திருக்கிறார்கள். மசூலா கவிழ்ந்தால் விழுந்தவர்களைத் தூக்குவதற்கும் கூடவே கட்டுமரம் போகும். காப்பாற்றியவர்களுக்குப் பதக்கம் கொடுத்ததும் உண்டு.

கட்டுமரத்தால் மட்டும் இது எப்படி முடிந்தது? அதில் தண்ணீர் தேங்க இடமே கிடையாது. அலை மேலே ஏறினால் மரங்களின் இடுக்கு வழியாக இறங்கிவிடும். மொண்டு ஊற்ற வேண்டாம். கவிழ்ந்தால் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். மூழ்காது, ஏனென்றால் மூழ்குவதற்கு உள்பக்கம் என்று ஒன்று வேண்டுமே!

இந்த "உள்பக்கம்" என்ற விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாடி வேண்டும்.

மெட்ராஸிலிருந்து கிளம்பிய வார்த்தை இங்கிலீஷுக்குள் போய் என்னென்னவோ ஆனது. 1804-ல் நெப்போலியனின் படகுகளை பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் தகர்க்க ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த, சவப்பெட்டி மாதிரி மிதக்கும் வெடிகளுக்குப் பிரிட்டிஷ்காரர்கள் கேட்டமரான் என்று பேர் வைத்தார்கள். அதே நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்மணிகளையும் கேட்டமரான் என்று திட்டியிருக்கிறார்கள். (இதை வீட்டில் சொன்னேன். "கவலைப்படாதீங்க, உங்களுக்கும் பொருந்தும்" என்று பதில் வந்தது.)

இரட்டை ஹல் படகோடு இந்தப் பேர் ஒட்டிக்கொண்டதில் பெரிய பங்கு நதானியல் ஹெரெஷாஃப் என்ற அமெரிக்கருக்கு. 1876-ல் அமெரிக்காவின் நூற்றாண்டு விழாவை ஒட்டி நியூயார்க்கில் நடந்த பாய்மரப் பந்தயத்தில் அமரில்லிஸ் என்ற தன் இரட்டை ஹல் படகோடு இறங்கினார். மற்ற எல்லாப் படகுகளையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது. தோற்றவர்கள் கூடி, இது படகே இல்லை என்று புகார் கொடுத்து, ஜெயித்த படகைத் தகுதி நீக்கம் செய்தார்கள். உள்ளூர் கிரிக்கெட்டில் பேட் சொந்தக்காரன் அவுட் ஆனால் நடக்குமே, அதேதான். அடுத்த வருஷம் அவர் தன் வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார்.

ஆக, வார்த்தை நம்மிடமிருந்து போனது நிஜம். பொருள்? அங்கேதான் நான் நெளிந்தேன். சோழர்கள் கட்டுமரத்தில் போய்க் கடாரத்தைப் பிடித்தார்கள் என்று நானே யாரிடமோ அளந்துவிட்டிருக்கிறேன். யோசித்துப் பாருங்கள், கால் எப்போதும் தண்ணீரில் இருக்கிற தெப்பத்தில் படையும் அரிசியும் ஏற்றிக்கொண்டு வங்கக்கடலைத் தாண்ட முடியுமா? பெரிய கலங்களுக்கு நாவாய், வங்கம் என்று தனிப் பேர்களே தமிழில் இருக்கும்போது கட்டுமரத்தின் தலையில் ஏன் அந்தப் பாரத்தை ஏற்ற வேண்டும்?

இரட்டை ஹல் என்ற யோசனையின் சொந்தக்காரர்கள் பசிபிக் தீவுக்காரர்கள். கேப்டன் குக் 1774-ல் தாஹிட்டியில் போர்ப் படகுகளின் பெரும் அணிவகுப்பையே பார்த்தார். கூடப் போன ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ் அதை வரைந்திருக்கிறார். இரண்டு மரக்கலங்களைப் பக்கத்தில் வைத்து, குறுக்கே விட்டங்கள் போட்டு, எல்லாவற்றையும் கயிற்றால் கட்டியவை. கவனிக்கவும்: அங்கேயும் கட்டுதான். வார்த்தை தப்பான வீட்டுக்குப் போனாலும் முழுக்க அந்நியமான வீட்டுக்குப் போய்விடவில்லை :-)

சரி, மெத்தென்று அமுங்கிய இடத்துக்கு வருவோம். அதற்கு ஃபைபர் கிளாஸ் கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

1932-ல் ஒஹையோவில் ஒரு கண்ணாடிக் கம்பெனியில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றுகொண்டிருந்தார். உருகிய கண்ணாடியின் மேல் காற்று வேகமாகப் பட்டு அது மெல்லிய நூல்நூலாகப் பறந்தது. அவர் தேடியது அது இல்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு அவரோடு இருந்த கேம்ஸ் ஸ்லேட்டர் வளர்த்தெடுத்ததுதான் கண்ணாடிநார்த் தொழில். அந்த நாரைத் துணியாக்கி ரெசினில் தோய்த்து 1942-ல் ஒஹையோவின் டொலீடோவில் ரே கிரீன் ஒரு சின்னப் படகு செய்தார். யுத்தம் முடிந்த பிறகு படகு உலகமே மாறியது. அச்சு ஒன்று இருந்தால் போதும், ஆப்பம் சுடுகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் படகு எடுக்கலாம்.

கலிபோர்னியாவில் ஹோபி ஆல்டர் என்று ஒருவர். 1950களின் கடைசியில் அலைச்சறுக்குப் பலகைகளை மரத்துக்குப் பதில் ஃபோமில் செய்து பேர் வாங்கியவர். நடுவில் ஃபோம், மேலே கண்ணாடிநார்த் தோல். இந்தக் கைப்பழக்கத்தோடு 1968-ல் பதினாலு அடி கேட்டமரான் ஒன்றைக் கொண்டுவந்தார். சில வருஷத்திலேயே பதினாறடி வந்தது. அது மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. ஆல்டர் 2014-ல் காலமானார். அவர் தீர்க்க முயன்ற பிரச்சினை என்ன தெரியுமா? துறைமுகம் இல்லாமல், வெறும் மணலிலிருந்து, உடைகிற அலையைத் தாண்டிப் போய்த் திரும்ப மணலிலேயே வந்து ஏற வேண்டும். அப்படியே நம்ம மெட்ராஸ் கட்டுமரக்காரரின் பிரச்சினை! நூலாக ஒரு சம்பந்தமும் இல்லாமல், ஒரே மாதிரிக் கரை ஒரே மாதிரிக் கேள்வியைக் கேட்டிருக்கிறது.

அப்படிப் படகு தூக்க இலேசாக இருக்க வேண்டும், அலையடித்தால் விறைப்பாகவும் நிற்க வேண்டும். அதற்குத்தான் இந்த ஃபோம் சாண்ட்விச். அட்டைப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேப்பர், நடுவில் மடிப்புப் பேப்பர். தனித்தனியாக எடுத்தால் எதற்கும் உதவாது. ஒட்டியிருக்கும்போது மேலே ஏறி உட்காரலாம். ஹல்லின் சுவரும் அப்படித்தான். வெளித்தோல், உள்தோல் இரண்டும் மெல்லிய கண்ணாடிநார். நடுவில் கால் அங்குலம் போல ஃபோம். நடுவில் இருப்பதை இரண்டு மடங்கு தடிமனாக்கினால் எடை அவ்வளவாக ஏறாது, விறைப்பு கிட்டத்தட்ட நாலு மடங்காகும். அற்புதமான கணக்கு. ஆனால் எல்லாமே அந்த ஒட்டின் மேல் நிற்கிறது.

வெயிலில் காய்ந்து காய்ந்து, கால் வைத்து மிதித்து மிதித்து, திருகு ஆணி ஓட்டை வழியாகத் தண்ணீர் கசிந்து அந்த ஒட்டு விட்டுப்போனால், வெளித்தோல் தனியாக உப்பிய பூரி மாதிரி நிற்கும். விரிசல் தெரியாது. நிறம் மாறாது. தட்டினால்தான் தொப். அந்த நிலையில் தோல் வெறும் தகடு. அலை அடித்தால் மடங்கி, மடங்கின இடத்தில் முறியும். நண்பனின் மகள் உட்காரவிருந்தது அதற்கு இரண்டடி பின்னால்.

இந்த மாதிரி மறைந்திருந்து கொல்லும் தண்ணீருக்கு ஆசாமிகள் பெரியவர் சின்னவர் கிடையாது. ஹவாயின் ஹோகுலேயா கதையைப் பாருங்கள்.

பசிபிக் தீவுகளில் மனிதர்கள் குடியேறியது திட்டமிட்ட பயணத்தால் அல்ல, காற்றில் தவறிப் போய் ஒதுங்கியதால்தான் என்று 1956-ல் ஆண்ட்ரூ ஷார்ப் என்பவர் வாதம் செய்து புத்தகம் எழுதினார். அதாவது உங்கள் மூதாதைகளுக்குக் கடல் தெரியாது என்று அர்த்தம். ஹவாய்க்காரர்கள் அதற்கு அகராதியைத் தூக்கிக்கொண்டு பதில் சொல்லவில்லை. 1973-ல் ஒரு சங்கம் ஆரம்பித்து, 1975-ல் அறுபதடிக்கு மேல் நீளமுள்ள இரட்டை ஹல் பாய்மரக்கலம் ஒன்றைக் கட்டி இறக்கினார்கள். அதுதான் ஹோகுலேயா. 1976-ல் மைக்ரோனேசியாவின் சடவல் தீவைச் சேர்ந்த மாவ் பியாலுக் என்ற மாலுமி, திசைகாட்டி கூட இல்லாமல், நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்து ஹவாயிலிருந்து தாஹிட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வாதம் அங்கேயே முடிந்தது.

ஆனால் ஹோகுலேயாவின் ஹல் பழங்கால மரம் இல்லை. ஒட்டுப்பலகை, அதன் மேல் கண்ணாடிநாரும் ரெசினும். பழைய முறைப்படி இருந்தது வடிவமும் கட்டும்தான். இரண்டு ஹல்லையும் குறுக்கு விட்டங்களையும் பிணைப்பது மைல் கணக்கில் ஓடும் கயிறு. 2010-ல் கரையேற்றி மேலே இருந்த ஃபைபரைச் சுரண்டிப் பார்த்தபோது உள்ளே பல இடத்தில் பலகை உளுத்துப் போயிருந்தது. மூடி வைத்த தோலுக்குள் ஈரம் வேலை பார்த்திருக்கிறது. உடம்பையே கிட்டத்தட்ட மறுபடி கட்ட வேண்டியிருந்தது. 2012-ல்தான் திரும்பத் தண்ணீரில் இறங்கியது. நிறையப் பேர் சம்பளம் வாங்காமல் வந்து உழைத்தார்கள். அப்புறம் 2014-ல் கிளம்பி உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு 2017-ல் ஊர் திரும்பியது.

எனக்கு இதில் பிடித்தது இந்த இடம்தான். கயிற்றால் கட்டியிருந்ததால் கயிற்றை அவிழ்த்து ஒவ்வொரு பாகத்தையும் தனியாக எடுத்துப் பார்க்க முடிந்தது. வேலை முடிந்ததும் திரும்பக் கட்டினார்கள்.

எங்கள் படகுக்கு வருகிறேன். பெரியவர் இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, வேலையை நாங்களே செய்ய வேண்டும், அவர் சொல்லிக்கொடுப்பார். இரண்டு, அவசரப்படக் கூடாது.

முதலில் எடை பார்த்தோம். ஒரே அளவு இரண்டு ஹல், ஆனால் இடதுபக்கம் எட்டு கிலோ அதிகம். அவ்வளவும் தண்ணீர் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. ஒரு குடம் தண்ணீரைச் சுவருக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு பளபளவென்று நின்றிருக்கிறது அந்தப் படகு!

பென்சில் தீவுகளுக்குள் அங்குலத்துக்கு ஒன்றாக மூன்று மில்லிமீட்டர் ஓட்டை போட்டோம். வெளித்தோலை மட்டும் துளைக்க வேண்டும், உள்தோலைத் தொடக் கூடாது. அதற்காக டிரில் முனையில் டேப் சுற்றி அடையாளம். முதல் ஓட்டையிலேயே பழுப்புத் தண்ணீர் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. நண்பன் உடனே ரெசின் டப்பாவைத் திறக்கப் போனான். பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்தார். ஈரத்தின் மேல் சாதாரண எபாக்சி சரியாகப் பிடிக்காது. மேலே பூசி மூடினால், ரிப்பேர் ஆன மாதிரி தெரியும். தண்ணீர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இந்தத் தொழிலில் பெரும்பாலான ரிப்பேர்கள் தோற்பது இங்கேதான் என்றார்.

மூன்று வாரம் காயவைத்தோம். மேலே கூடாரம், உள்ளே ஒரு மின்விசிறி, ஒரு சின்ன ஹீட்டர். வாராவாரம் எடை. எட்டு, நாலு, ஒன்றரை, அப்புறம் முள் அசையவில்லை. சும்மா காத்திருப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி.

அதன்பிறகு எபாக்சி. தண்ணியான ரகம். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, தாழ்வான ஓட்டையில் ஆரம்பித்து மெதுவாக ஏற்ற வேண்டும். பக்கத்து ஓட்டையில் எட்டிப் பார்த்ததும் இதை டேப் போட்டு மூடிவிட்டு அங்கே போக வேண்டும். கையுறை, முகமூடி கட்டாயம். மேலே கனத்தை வைத்து அமுக்கவும் கூடாது, ஹல்லின் வளைவு கெட்டுப்போகும். இடது ஹல்லில் ஓரிடத்தில் ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. அங்கே ஊசி வைத்தியம் பலிக்காது. தோலை வெட்டி எடுத்து, புது ஃபோம் வைத்து, சுற்றியுள்ள பழைய தோலை அதன் தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, புதுக் கண்ணாடிநாரை அந்தச் சரிவில் படிய ஒட்டினோம். செங்குத்தாக வெட்டி ஒட்டினால் அந்தக் கோட்டிலேயே முறியும். கடைசியில் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பெயிண்ட். எபாக்சிக்கு வெயில் ஆகாது என்பதால் பெயிண்ட் அழகுக்காக மட்டும் இல்லை.

காய்ந்ததும் பெரியவர் அந்தக் கால் டாலர் காசை எடுத்து நண்பனின் மகளிடம் கொடுத்தார். அவள் முழு ஹல்லையும் தட்டினாள். டக், டக், டக், டக். ஒரு இடம் விடவில்லை.

நடுவில் அந்த மூன்று வாரக் காத்திருப்பில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. புத்தகத்தில் இல்லை, ஞாபகத்தில். பள்ளிக்கூட நாட்களில் பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு அடிக்கடி போவேன். கரைக்கு வந்த கட்டுமரத்தை மீனவர்கள் கயிற்றை அவிழ்த்துத் தனித்தனி மரமாகப் பிரித்து மணலில் போடுவார்கள். தினமும் கட்டுவதும் தினமும் அவிழ்ப்பதும் வெட்டி வேலையாகத் தெரிந்தது எனக்கு. ஒரு அண்ணனிடம் கேட்டேன்:

"ஏண்ணே, நாளைக்குத் திரும்பக் கட்டத்தானே போறீங்க, அப்படியே வெச்சா என்ன?"

"ஊறிப் போயிருக்குடா தம்பி. காயணும்ல. ஊறின மரத்த நாளைக்கு நீயா வந்து தூக்குவ?"

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். முப்பது வருஷம் கழித்து, கடலுக்கு அந்தப் பக்கம், ஹீட்டர் போட்டு எட்டு கிலோ தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கும்போது அந்த அண்ணன் சொன்னது உறைத்தது. மரம் தண்ணீரை உறிஞ்சும் என்பதை அவர்கள் ஒரு குறையாக மறைக்கவில்லை. தினமும் உறிஞ்சும், தினமும் காயவைக்கலாம் என்று அதையும் சேர்த்தே படகை அமைத்திருக்கிறார்கள். எந்த மரம் கெட்டுப்போனதோ அதை மட்டும் மாற்றினால் போதும். கட்டுமரம் என்பதில் நாம் பெருமையாகச் சொல்லும் பாதி "கட்டு". ஆனால் அந்தக் கட்டின் உபயோகமே அவிழ்க்க முடிவதில்தான் இருக்கிறது. உள்பக்கமே இல்லாத படகில் தண்ணீர் ஒளிந்துகொள்ள இடம் ஏது?

இதைச் சொல்லிப் பழைய காலமே பொற்காலம் என்று முடிக்கப் போவதில்லை. மரம் கனம், இரண்டு மூன்று பேர் தூக்க வேண்டும், நல்ல மரம் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. குமரிமாவட்டம் முட்டத்தில் 1980களின் தொடக்கத்திலேயே கட்டுமரத்துக்குப் பதிலாக ஒட்டுப்பலகைப் படகுகள் செய்து பார்த்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. அவசரத்தில் செய்தவற்றில் தரமில்லாதவையும் நிறைய. இன்றைக்கு நம்ம கரையில் ரெசின் டப்பாவும் கண்ணாடிநார் மேட்டுமாக உட்கார்ந்து படகுக்கு ஒட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாப் பெரியவரின் தொழில் நம்ம ஊருக்கும் வந்துவிட்டது. வசதி பெரிசு, மோட்டார் வைக்கலாம், தூரம் போகலாம். யாரும் திரும்பிப் போகப் போவதில்லை, போகச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. காயவைக்கிற புத்தி மட்டும் மரத்தோடு போய்விடக் கூடாது.

பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "எங்கள் ஊரில் சரி செய்ய மாட்டார்கள். தினமும் அவிழ்த்துக் காயவைத்துவிடுவார்கள்." கூடவே, இரண்டு ஹல் எங்களுடையது இல்லை, வார்த்தை மட்டும்தான் என்பதையும் ஒப்புக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஹல்லின் பின்பக்கம் இருக்கும் தண்ணீர் வடிகிற தக்கையைக் காட்டி, "எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான். பாதிப் பேர் இதைக்கூடத் திறப்பதில்லை" என்றார்.

போன கோடையில் படகு ஏரியில் இறங்கியது. கடலுக்கு இன்னும் போகவில்லை, அது அடுத்த வருஷம் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் கரைக்கு வந்ததும் நண்பனின் மகள் முதலில் செய்வது இரண்டு தக்கைகளையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வதுதான். அப்புறம் காசை எடுத்து ஒரு சுற்றுத் தட்டிப் பார்க்கிறாள்.

நான் இன்னமும் யாராவது மாட்டினால் அந்த டயலாக்கை விடுகிறேன். முன்பெல்லாம் பத்து செகண்டில் முடியும். இப்போது அரை மணி நேரம் ஆகிறது. ஆட்கள் தெறித்து ஓடுகிறார்கள். இவ்வளவு தூரம் படித்த நீங்கள் ஓடவில்லை :-)